நண்பர் எழுதிய டிரைவரில் என் பெயரைப் போடலாமா?

கேள்வி:

வணக்கம் சார். மன்னார்குடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக் முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. சி மொழி தெரியும். கடையில் லினக்ஸ்தான் ஓட்டுகிறேன், ஆனால் அதன் மையப் பகுதியான கெர்னல் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. என்னோடு படித்த நண்பர் ஒரு லேப்டாப் மாடலின் பேட்டரி கன்ட்ரோலருக்கு லினக்ஸ் டிரைவர் (அந்த வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதியிருக்கிறார். 640 வரி. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துகிறது. பேட்டரியின் அளவு, கரண்ட், சூடு எல்லாம் காட்டுகிறது. கடைக்கு வந்த அதே மாடல் லேப்டாப் இரண்டில் போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. டெஸ்க்டாப்பில் பேட்டரி படம் மட்டும் இரண்டு தெரிகிறது. கரண்ட் சில நேரம் 64 ஆம்பியர் என்று வருகிறது; அது டெஸ்க்டாப்பின் கோளாறு என்கிறார் நண்பர். அடுத்த வாரம் கெர்னலில் சேர்க்கச் சொல்லி அனுப்பப் போகிறாராம். "நீ ரிவ்யூ பண்ணினதா பேர் போட்டுக்கறேன்டா" என்கிறார். சரி என்று சொல்லலாமா? எதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்? எனக்கு ஆங்கிலமும் சரளமாக வராது. டிரைவர் கோப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இன்றைக்கே 'டெஸ்டட்-பை' என்று உங்கள் பெயரைப் போடச் சொல்லலாம். 'ரிவ்யூட்-பை' என்று இன்றைக்குப் போடக் கூடாது. பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்து படித்தால் அதையும் போடலாம். கெர்னல் ஆள் இல்லை என்று தயங்க வேண்டாம். வேலையைச் செய்த, ஆர்வமுள்ள எவரும் அந்த வரியைத் தரலாம் என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. 'வேலையைச் செய்த' என்பதுதான் அதில் முக்கியமான சொல்.

இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான். டெஸ்டட்-பை என்றால், 'என்னிடம் இருந்த இந்த இயந்திரத்தில் போட்டேன், ஓடியது' என்று பொருள். ரிவ்யூட்-பை என்றால், வரிவரியாகப் படித்தேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் சொன்னேன், அவர் தந்த பதிலில் எனக்குத் திருப்தி, இதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லும்படியான குறை எதுவும் இப்போது எனக்குத் தெரியவில்லை என்று பொருள். எதிர்காலத்தில் எதுவும் கெட்டுப்போகாது என்ற உத்தரவாதத்தை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த ஆவணமே அதைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. படித்தேன் என்று சொல்வது மட்டும் பொய்யாக இருக்கக் கூடாது. நீங்கள் சம்மதிக்காமல் நண்பர் உங்கள் பெயரைச் சேர்க்கவும் கூடாது. அவர் உங்களைக் கேட்டிருக்கிறார், நீங்கள் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நல்ல காரியம்.

கோப்பை முழுக்கப் படித்தேன். நன்றாக உழைத்திருக்கிறார் உங்கள் நண்பர். ஆனால் இப்போதிருக்கும் நிலையில் இதைச் சேர்க்கக் கூடாது. ஏன் என்று சொல்லும்போதே எதைப் பார்ப்பது என்ற உங்கள் கேள்விக்கும் விடை வந்துவிடும்.

வரிகளுக்குள் போவதற்கு முன்னால், இந்த விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்தது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியாது என்பதை மனதில் வையுங்கள். உப்பிப்போய் டச்பேடைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பேட்டரி வருடத்தில் எத்தனை உங்கள் மேசைக்கு வருகிறது? ஜெராக்ஸ் கடையிலும் நெல் கமிஷன் மண்டியிலும் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை சார்ஜரைப் பிடுங்காமல் ஓடுகிற லேப்டாப்களாகத்தான் பெரும்பாலும் இருக்கும். லித்தியம் அயான் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் அளவில் நிற்கும். அந்த மின்னழுத்தத்திலேயே நாள்கணக்கில் நின்று, அதோடு அக்னி நட்சத்திரச் சூடும் சேர்ந்தால் உள்ளே வேண்டாத வேதிவினை நடந்து வாயு சேரும், கொள்ளளவு குறையும். 80 சதவீதத்தில் நிறுத்துவதன் காரணம் இதுதான். உங்கள் நண்பர் தீர்க்க நினைத்தது நிஜமான பிரச்சினை. அது ஏன் பிரச்சினை என்பதை அவரைவிட நீங்கள் நன்றாக எழுத முடியும். பேட்ச்சின், அதாவது கெர்னலுக்கு அனுப்பும் இந்த மாற்றத்தின், முன்னுரையில் அந்தக் காரணம் ஒரு வரிகூட இல்லை. உங்கள் முதல் கருத்தாக அதையே எழுதலாம்.

இனி டிரைவர். 640 வரியையும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். வன்பொருளில் எங்கே எழுதுகிறது என்று முதலில் தேடுங்கள். படிக்கிற இடம் தவறினால் தப்பான எண் வரும். எழுதுகிற இடம் தவறினால் இயந்திரமே போய்விடலாம். இந்தக் கோப்பில் எழுதுகிற இடம் இரண்டே இரண்டுதான். அந்த இரண்டு வரிகளுக்காக ஒரு நாள் முழுவதும் செலவழியுங்கள்.

நான் நீடாமங்கலம் பக்கம் பிறந்து வளர்ந்தவன். மூணாறு தலைப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெண்ணாறு அங்கேதான் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஒரே இடத்தில் வரிசையாக ஷட்டர்கள். எந்தச் சக்கரத்தைச் சுற்றினால் எந்த ஊர் வயலுக்குத் தண்ணீர் போகும் என்று தெரியாத ஒருவரை அங்கே கை வைக்க விடமாட்டார்கள். லேப்டாப்பில் உள்ள எம்பெடட் கன்ட்ரோலரும் அப்படித்தான். பேட்டரிக்கு மட்டும் என்று அது இல்லை. விசைப்பலகை, விசிறி, மூடி திறந்திருக்கிறதா என்பது, பவர் பட்டன் எல்லாம் அந்த ஒரே சில்லின் பொறுப்பு. பக்கத்துப் பக்கத்து முகவரிகளில் எல்லாம் கிடக்கும். ஒரு மாடலில் சார்ஜ் வரம்பாக இருக்கும் முகவரி, இன்னொரு மாடலில் விசிறியின் வேகமாக இருக்கலாம்.

அதனால் நண்பரிடம் முதல் கேள்வி இது: "இந்த முகவரிதான் சார்ஜ் வரம்பு என்று உனக்கு எப்படித் தெரியும்?" ஏற்றுக்கொள்ளக்கூடிய பதில்கள் சில உண்டு. பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் நிரல்) தருகிற ஏசிபிஐ அட்டவணையை (வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் பட்டியல்) பிரித்துப் படித்து, அதில் அந்தப் பெயரோடு அந்த முகவரியைக் கண்டிருக்கலாம். விண்டோஸில் தயாரிப்பாளரின் செயலி வரம்பை மாற்றும்போது எந்த பைட் (0 முதல் 255 வரை கொள்ளும் ஓர் இடம்) மாறுகிறது என்று முன்னும் பின்னும் ஒப்பிட்டிருக்கலாம். இரண்டையும் செய்திருந்தால் நல்லது. 'வேறொரு மாடலுக்கு யாரோ எழுதியதில் இருந்தது, போட்டுப் பார்த்தேன், ஓடியது' என்றால் அது பதில் இல்லை. எது பதிலானாலும் அது பேட்ச்சின் முன்னுரையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து இந்த டிரைவரைத் திருத்துகிறவர் உங்கள் நண்பருக்கு போன் செய்து கேட்க முடியாது.

இரண்டாவது கேள்வி: "இது வேறு லேப்டாப்பில் ஏறாது என்று எப்படி உறுதி செய்தாய்?" இயந்திரத்தின் தயாரிப்பாளர் பெயர், மதர்போர்டு பெயர் ஆகியவற்றை டிஎம்ஐ என்ற அட்டவணையில் கெர்னல் படிக்கும். டிரைவருக்குள் எழுதி வைத்த மாடல் பட்டியலோடு அவை ஒத்துப்போனால்தான் இப்படிப்பட்ட டிரைவர் வேலையைத் தொடங்க வேண்டும். உங்கள் நண்பர் தயாரிப்பாளர் பெயரை மட்டும் ஒப்பிட்டிருக்கிறார், போர்டு பெயரை விட்டுவிட்டார். அந்தத் தயாரிப்பாளரின் எல்லா லேப்டாப்பிலும் இந்த டிரைவர் ஏறி, அதே முகவரியில் 80 என்று எழுதும். உங்கள் கடையில் உள்ள இரண்டிலும் ஓடும். அந்தப் பெயர் பொறித்த வேறொரு மாடலை வைத்துக்கொண்டு எங்கோ படிக்கிற ஒரு பிள்ளையின் லேப்டாப்பில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு குறை போதும், பேட்ச்சை நிறுத்தி வைக்க.

நான் மிகையாகப் பயமுறுத்தவில்லை. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10-ஐத் தரவிறக்கப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டி வந்தது. பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சில்லைத் தொடக்கூடிய ஒரு டிரைவர் அதன் கெர்னலில் சேர்ந்து போயிருந்தது. சில லேப்டாப்களில் அதற்குப் பிறகு பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியவில்லை. சிலவற்றை யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யவும் முடியவில்லை. லினக்ஸை நீக்கிவிட்டாலும் அந்தக் கோளாறு தீரவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதிய டிரைவர் இல்லை அது.

இதே இடத்தில் இன்னொன்றும் பாருங்கள். எம்பெடட் கன்ட்ரோலரோடு பேச கெர்னலில் ஏற்கெனவே ஒரு ஏசிபிஐ டிரைவர் இருக்கிறது. ஒரு பைட் படிக்க, ஒரு பைட் எழுத அது தரும் ஃபங்ஷன்களைத்தான் பயன்படுத்த வேண்டும். நேராக அந்தச் சில்லின் போர்ட்டில் (தகவல் போய்வரும் வாசலில்) போய் எழுதினால், அதே நொடியில் பயாஸின் நிரலும் அந்தக் கன்ட்ரோலரோடு பேசிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேச்சும் கலந்துவிடும். உங்கள் நண்பர் இதைச் சரியாகச் செய்திருக்கிறார். சரியாக இருப்பதையும் ரிவ்யூவில் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் உண்மையிலேயே படித்தீர்கள் என்பது அதில்தான் தெரியும்.

அடுத்து, அந்த இரண்டு பேட்டரி படம். அது அலங்காரக் குறை இல்லை. சாதாரண லேப்டாப்பில் பேட்டரியின் அளவு, மின்னழுத்தம், கரண்ட், சார்ஜ் ஆகிறதா இல்லையா என்பதையெல்லாம் கெர்னலின் ஏசிபிஐ பேட்டரி டிரைவர் முன்பே தருகிறது. உங்கள் நண்பரின் டிரைவர் அதே பேட்டரியை இரண்டாம் முறை புதிதாகப் பதிவு செய்கிறது. இயந்திரத்தில் இருப்பது ஒன்று, டெஸ்க்டாப் நம்புவது இரண்டு. அது இரண்டையும் கூட்டி மீதி நேரத்தைக் கணக்கிடும். ஒன்று 40 சதவீதமும் மற்றொன்று 38 சதவீதமும் காட்டினால் எதை நம்புவது?

சரியான வழி, ஏற்கெனவே உள்ள பேட்டரியோடு கூடுதல் பண்புகளை மட்டும் ஒட்டுவது. அதற்குக் கெர்னலில் வழி இருக்கிறது. மற்ற லேப்டாப் டிரைவர்கள் அப்படித்தான் சார்ஜ் வரம்பைச் சேர்க்கின்றன. ஏசிபிஐ தராதவை என்று இந்த டிரைவரில் இருப்பவை இரண்டுதான்: சார்ஜ் வரம்பு, சூடு. மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். 640 வரி 250 வரிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இது உங்கள் நண்பருக்கு வலிக்கும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதிய 400 வரியைத் தூக்கிப் போடு என்று சொல்வது லேசான காரியம் இல்லை. இதை எழுத்தில் சொல்லாதீர்கள். ஒரு மாலை டீக்கடையில் எதிரே உட்கார வைத்து, அந்த லேப்டாப்பையே திறந்து, இரண்டு பேட்டரி படத்தையும் காட்டிச் சொல்லுங்கள். நல்ல நண்பர் என்றால் முதல் நாள் முகம் வாடும், இரண்டாம் நாள் போன் செய்வார்.

64 ஆம்பியர் விஷயமும் இந்த வெட்டில் போய்விடும். ஆனால் அது ஏன் வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது டெஸ்க்டாப்பின் கோளாறு இல்லை. சார்ஜ் ஏறும்போது கரண்ட் கூட்டல் எண், இறங்கும்போது கழித்தல் எண். கன்ட்ரோலர் அதை 16 பிட்டில், அதாவது 65536 மதிப்புகள் கொள்ளும் இடத்தில், மில்லி ஆம்பியராகத் தருகிறது. கழித்தல் 1200 என்பதை, குறி இல்லாத எண் என்று எடுத்துக்கொண்டால் 65536-இல் 1200 போக 64336 வரும். அதுதான் உங்கள் 64 ஆம்பியர். சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் அது வருகிறதா என்று பாருங்கள், வரும். நீங்கள் தினமும் கிளாம்ப் மீட்டர் பிடிக்கிறவர். 64 ஆம்பியர் ஓடினால் அந்த மெல்லிய ஒயர் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்ததும் உறுத்தியதே, அந்த உறுத்தலை நண்பரின் ஒரு சொல்லுக்காக விட்டுவிட்டீர்கள். இனி விடாதீர்கள்.

சூட்டுக்கு வருவோம். இதில் இரண்டு தவறு இருக்கிறது. ஒன்று சின்னது, இன்னொன்று நான் நெடுநேரம் பேச வேண்டியது.

சின்னது, அலகு. ஸ்மார்ட் பேட்டரி தரத்தின்படி சூடு கெல்வினில் பத்தில் ஒரு பங்காக வரும். 3041 என்றால் 304.1 கெல்வின், அதாவது சுமார் 31 டிகிரி செல்சியஸ். கெர்னலின் பேட்டரி இடைமுகமோ செல்சியஸில் பத்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. 310 என்று தர வேண்டும். நண்பர் 31 என்று தருகிறார். டிரைவர் சூட்டைக் காட்டும் கோப்பை நீங்கள் திறந்து பார்த்தபோது 31 என்று இருந்திருக்கும், கடையில் அடிக்கிற வெயிலுக்குச் சரிதான் என்று விட்டிருப்பீர்கள். அதைப் படிக்கிற மற்ற நிரல்களுக்கு அது 3.1 டிகிரி. மன்னார்குடியில் எந்த மார்கழியிலும் அது இல்லை. மின்னழுத்தம் மைக்ரோ வோல்ட், கரண்ட் மைக்ரோ ஆம்பியர், சூடு மட்டும் பத்தில் ஒரு டிகிரி என்று இந்த இடைமுகத்தில் அலகுகள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒருமுறை வெளியே போன எண்ணின் அலகைப் பிறகு மாற்றினால் அதை நம்பி எழுதிய நிரல்கள் உடையும். அதற்குக் கெர்னலில் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே இப்போதே பிடிக்க வேண்டும்.

பெரியது இது. கன்ட்ரோலரில் ஒரு முறைக்கு ஒரு பைட்தான் படிக்கலாம். சூடு இரண்டு பைட்: மேல் பைட்டை 256-ஆல் பெருக்கிக் கீழ் பைட்டைக் கூட்ட வேண்டும். நண்பரின் நிரல் முதலில் கீழ் பைட்டைப் படிக்கிறது, பிறகு மேல் பைட்டை. இந்த இரண்டு வாசிப்புக்கும் நடுவே மதிப்பு மாறினால்?

எண்ணில் பாருங்கள். 3071 என்பது மேல் பைட் 11, கீழ் பைட் 255. 3072 என்பது மேல் பைட் 12, கீழ் பைட் 0. சூடு 3071-இல் இருக்கும்போது கீழ் பைட்டைப் படிக்கிறது: 255. அந்த இமைப்பொழுதில் சூடு 3072 ஆகிறது. இப்போது மேல் பைட்டைப் படிக்கிறது: 12. சேர்த்தால் 12 தரம் 256, கூட்டல் 255, மொத்தம் 3327. செல்சியஸில் அது 59.6 டிகிரி. பேட்டரி உண்மையில் இருப்பது 34.1 டிகிரியில். இறங்கும்போது இதன் மறுபக்கம் நடக்கும்: கீழே 0, மேலே 11, மொத்தம் 2816, அதாவது 8.5 டிகிரி.

குளிர்நாட்டு அலுவலக மேசையில் இருக்கிற லேப்டாப் 34 டிகிரியைத் தாண்டுவது குறைவாக இருக்கலாம். நம் ஊரில் சித்திரை வைகாசியில் காலையில் ஒருமுறை ஏறும்போதும் இரவில் ஒருமுறை இறங்கும்போதும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மதியம் முழுக்க அந்தக் கோட்டிலேயே ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கலாம். சூடு 60-ஐ நெருங்குகிறது என்று இயந்திரத்தை நிறுத்தும்படி யாராவது ஒரு நிரல் எழுதி வைத்திருந்தால், அது நம் டெல்டாவில்தான் காரணம் இல்லாமல் நிற்கும். வேறு எங்கோ உட்கார்ந்து ரிவ்யூ செய்கிறவர் கையில் இந்தத் தவறு சிக்காமலே போகலாம். உங்கள் கையில் சிக்கும்.

இதை நான் இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பேட்டரியின் மீதி அளவைப் படிக்கிற ஒரு டிரைவரை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக் கொடுத்தேன். அதிலும் இதே தவறு இருந்தது. மீதி 256 மில்லி ஆம்பியர் மணி என்றால் மேல் பைட் 1, கீழ் பைட் 0. அது 255 ஆகும்போது மேலே 0, கீழே 255. நடுவில் படித்தால் 0, 0. பேட்டரியில் இன்னும் ஆறு சதவீதம் இருக்கிறது, ஆனால் இயந்திரம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது என்று நினைத்து அணைந்துவிடும். எப்போதாவது ஒருமுறைதான். எங்கள் மேசையில் ஒருநாளும் நடக்கவில்லை. பயன்படுத்தியவர்கள் 'பேட்டரி வீக்' என்று கொண்டு வந்தார்கள், நல்ல பேட்டரிகளைக் கழற்றிப் புதிது போட்டார்கள். புதிது போட்ட பிறகும் சிலது அணைந்தது. காரணம் கண்டுபிடிக்கும்போது ஏழெட்டு மாதம் போயிருந்தது. அந்தப் பணமெல்லாம் யாரோ ஒருவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். அதற்குப் பிறகு இரண்டு பைட் படிக்கிற இடத்தைப் பார்த்தால் நான் கையிலுள்ள வேலையை நிறுத்திவிடுவேன்.

தீர்வு எளியது. மேல் பைட்டைப் படி, கீழ் பைட்டைப் படி, மேல் பைட்டை மறுபடி படி. மேல் பைட் இரண்டு முறையும் ஒன்றாக இருந்தால் எடுத்துக்கொள். மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து. நான்கைந்து முறைக்கு மேல் சுற்றாமல் பிழை என்று திரும்பிவிட வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் குழம்பாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு பூட்டும் வேண்டும்.

இனி சார்ஜ் வரம்பு. இதில் மூன்று இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நண்பர் 50 முதல் 95 வரைதான் ஏற்கிறார். 100 என்று எழுதினால் மறுக்கிறது. பேட்டரிக்கு நல்லது என்று நினைத்துச் செய்திருக்கிறார். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது நீங்கள் ஊரில்தான் இருந்திருப்பீர்கள். எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். புயல் எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலம் ஒருவர் லேப்டாப்பையும் பவர் பேங்கையும் முழுக்க ஏற்றி வைக்க நினைத்தால், முடியாது என்று சொல்ல இந்த டிரைவர் யார்? எந்த அளவில் நிறுத்துவது என்பது வைத்திருப்பவரின் முடிவு. டிரைவர் அதை நிறைவேற்றிக் கொடுத்தால் போதும். 100 எழுதினால் வரம்பு முழுக்க நீங்க வேண்டும்.

வரம்பைத் திரும்பப் படிக்கும்போது கன்ட்ரோலரைக் கேட்காமல், தான் கடைசியாக எழுதியதை நினைவில் வைத்து அதையே திருப்பிச் சொல்கிறது. இது பொய்யாக மாறக்கூடிய இடம். கன்ட்ரோலர் ரீசெட் ஆகி 100-க்குப் போயிருந்தாலும் வரம்பைக் காட்டும் கோப்பில் 80 என்றுதான் தெரியும். சில சில்லுகளால் 60, 80, 100 என்று சில எண்களை மட்டுமே ஏற்க முடியும். 75 எழுதினால் அருகில் உள்ளதாகிய 80-க்கு மாற்றி, படித்தால் 80 என்று காட்ட வேண்டும் என்பது கெர்னலின் விதி. உண்மையில் சில்லில் என்ன இருக்கிறதோ அதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அந்தக் கோப்பின் பெயரை நண்பர் சொந்தமாக வைத்திருக்கிறார். சார்ஜ் தொடங்கும் வரம்பு, முடியும் வரம்பு இரண்டுக்கும் கெர்னலில் நிலையான பெயர்கள் உண்டு. அந்தப் பெயரில் இருந்தால் கேடிஇ, ஜினோம் போன்ற டெஸ்க்டாப்கள் அதைக் கண்டுகொள்ள முடியும். வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் அம்மாவோ அப்பாவோ கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டியிருக்காது. தொடக்க வரம்பு இந்தச் சில்லில் இல்லை என்று தெரிகிறது. இல்லாததை மென்பொருளில் பாவனை செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

சோதனைக்கு உங்கள் கடையைவிட நல்ல இடம் கிடையாது. 80 என்று வைத்து லேப்டாப்பைத் தூங்கவிட்டு எழுப்புங்கள், வரம்பு நிற்கிறதா? சார்ஜரைப் பிடுங்கி, தூங்கவிட்டு, மாட்டி எழுப்புங்கள். பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றி மாட்டுங்கள். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடவிட்டு டிரைவரை ஏற்றிப் பாருங்கள். அப்போது அது பூஜ்யங்களைக் காட்டக் கூடாது, தகவல் இல்லை என்ற பிழையைத் தர வேண்டும். 80-இல் நின்றுவிட்டது என்று திரை சொல்லும்போது மீட்டர் பிடித்து, உள்ளே போகும் கரண்ட் உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்ய ரிவ்யூ செய்கிறவர்களில் மிகச் சிலரிடமே கருவியும் கையும் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு லேப்டாப்பும் வாடிக்கையாளர்களுடையவை என்று நினைக்கிறேன். சொல்லாமல் சோதித்திருந்தால் இனி வேண்டாம். அந்த மாடலில் பழையது ஒன்றை நண்பரோடு சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது உரியவரிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

இடைவெளி, அடைப்புக்குறி, வரியின் நீளம் இவற்றில் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம். கெர்னலோடு வரும் செக்பேட்ச் என்ற கருவி அதையெல்லாம் சொல்லிவிடும். அனுப்பும் முன் நண்பரே ஓட்டிக்கொள்ளட்டும்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கெர்னலில் எழுதுகிறவர்களில் ஏராளமானோருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அங்கே யாரும் உங்கள் நடையை எடைபோட மாட்டார்கள். ஒவ்வொரு கருத்திலும் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எந்த வரி, என்ன நடக்கும், உங்களுக்கு எப்படித் தெரிந்தது. முதலில் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "சார்ஜரைப் பிடுங்கினால் கரண்ட் 64336 என்று வருகிறது, கழித்தல் குறி தொலைகிறது, சார்ஜரை மாட்டினால் சரியாக வருகிறது" என்று தமிழில் தெளிவாக இருந்தால் அதை ஆங்கிலத்தில் மூன்று குட்டி வாக்கியமாக்குவது கஷ்டமில்லை. உறுதியாகத் தெரியாத இடத்தில் 'இது தவறு' என்று எழுதாமல் 'இந்த இடத்தில் இப்படி ஆனால் என்ன நடக்கும்?' என்று கேள்வியாக எழுதுங்கள். நானும் பாதி இடங்களில் கேள்வியாகத்தான் எழுதுகிறேன்.

புரியாத பகுதி ஒன்றிரண்டு கடைசியில் மிஞ்சும். அதை மறைக்காதீர்கள். 'பேட்டரியோடு ஒட்டும் பகுதியைப் பற்றி என்னால் கருத்துச் சொல்ல முடியாது, மற்றதைப் படித்தேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பகுதியைத் தெரிந்த வேறொருவர் பார்த்துக்கொள்வார். அப்போது ரிவ்யூட்-பை தராமல் டெஸ்டட்-பை மட்டும் தருவதிலும் எந்தக் குறைச்சலும் இல்லை.

அடுத்த வாரமே அனுப்ப வேண்டும் என்று நண்பர் அவசரப்பட்டால், கெர்னலில் கடைசித் தேதி ஒன்றும் ஓடிவிடாது, ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். திருத்திய கோப்பு வந்ததும் பழையதோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டுமாவது மறுபடி படியுங்கள்; திருத்தும்போது புதிதாக ஒன்று உடைவது சாதாரணம். டெஸ்டட்-பை வரியோடு, எந்த மாடல், எந்த பயாஸ் பதிப்பு, எந்தக் கெர்னல் பதிப்பு, அன்று கடையில் எத்தனை டிகிரி என்பதையும் முன்னுரையில் குறிக்கச் சொல்லுங்கள். 34 டிகிரியைத் தாண்டிச் சோதித்தது நீங்கள் மட்டுமாகவே இருக்கக்கூடும்.

அன்புடன்.